செல்லுக்குள் இருக்க வேண்டியது ரத்தத்தில் ஏன் வந்தது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, சுற்றி வளைத்து ஒரே புரதக் குடும்பத்தையே கேட்கின்றன. லேப் ரிப்போர்ட்டில் 'எஃப்ஏபிபி' என்று சுருக்கி அடிப்பார்கள். தமிழில் கொழுப்பு அமிலப் பிணைப்புப் புரதம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

கேள்வி (கன்னங்குறிச்சி): அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.3. போன மாதம் விடியற்காலை 4 மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். 5.30க்கு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் பரிசோதனை நெகட்டிவ். ஆனால் 'எச்-எஃப்ஏபிபி' 11 நானோகிராம், அதிகம் என்று போட்டிருந்தது. இரவு வரை படுக்க வைத்திருந்து, மாரடைப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியான ரிப்போர்ட்தான். எத்தனை மணிக்கு எடுத்த ரத்தம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

எச்-எஃப்ஏபிபி என்பது இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கும் புரதம். இதயம் எரிக்கும் எரிபொருளில் பெரும்பங்கு கொழுப்பு அமிலம். அதைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் வேலை இதனுடையது. அளவில் மிகச் சிறியது, மூலக்கூறு எடை ஏறத்தாழ 15 கிலோடால்டன். செல்லின் நீர்ப்பகுதியில் எதோடும் கட்டப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். ரத்த ஓட்டம் தடைபட்டுச் செல்லின் சவ்வு ஓட்டையானால் முதல் ஆளாக வெளியே வந்துவிடும். ட்ரோபோனின் என்ற தசைப் புரதம் அப்படியில்லை, அதில் பெரும்பகுதி தசை இழையோடு பிணைந்து கிடக்கிறது. இழை சிதையச் சிதையத்தான் கழன்று வரும்.

வலி தொடங்கி 1 முதல் 3 மணி நேரத்துக்குள் எச்-எஃப்ஏபிபி ஏற ஆரம்பிக்கும். 6 முதல் 8 மணி நேரத்தில் உச்சம். ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும், ஏனென்றால் சிறுநீரகம் அதை வேகமாக வடித்துவிடுகிறது. பழைய வகை ட்ரோபோனின் பரிசோதனையில் ஏற்றம் தெரிய 3 முதல் 6 மணி நேரம் ஆகும். ஏறினால் ஒரு வாரம், பத்து நாள் கூட ரத்தத்தில் நிற்கும். எனவே வலி வந்து ஒன்றரை மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் 'ட்ரோபோனின் நெகட்டிவ்' என்று வந்தால், அது எதையும் முடிவு செய்யாது.

அடுத்தது சிறுநீரகம். பல கிட்களில் 6 முதல் 7 நானோகிராம்/மி.லி.க்கு மேல் போனால் 'அதிகம்' என்று வரும். கிரியேட்டினின் 2.3 உள்ளவருக்கு இந்தப் புரதம் வெளியேறுவது தாமதமாகும். நெஞ்சு வலியே இல்லாத நாளில் எடுத்தாலும் அவருக்கு அளவு கூடுதலாக இருக்கலாம். அப்பாவின் 11 இதயத்திலிருந்து வந்ததா, சிறுநீரகத் தேக்கமா என்பது ஒரே ஒரு ரத்தத்தில் தெரியாது. 2, 3 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் 11, 12 என்று அசையாமல் நின்றால் சிறுநீரகக் கணக்கு. 11 என்பது 30 ஆகியிருந்தால் இதயம். மருத்துவமனையில் இரவு வரை வைத்திருந்தது இதற்காகத்தான் இருக்கும்: அடுத்தடுத்து இசிஜி, அடுத்தடுத்து ட்ரோபோனின். அவை மாறாமல் இருந்ததால் அனுப்பியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளில் இரண்டாவது, மூன்றாவது ட்ரோபோனின் எத்தனை மணிக்கு எடுத்தது என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் பார்க்கும்போது அந்த நேரக் குறிப்பு 11 என்ற எண்ணைவிட அதிகம் உதவும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். நுண்ணளவையும் கண்டுபிடிக்கும் புதிய ட்ரோபோனின் பரிசோதனை வந்த பிறகு எச்-எஃப்ஏபிபியின் அவசரத் தேவை குறைந்துவிட்டது. அந்தப் புதிய பரிசோதனை இருக்கும் இடத்தில் முதல் ரத்தத்தையும் 1 அல்லது 2 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தையும் ஒப்பிட்டே பெரும்பாலானவர்களுக்கு முடிவு சொல்லிவிடுகிறார்கள். அது இருக்கும்போது இதற்கும் தனியாகப் பணம் கட்டச் சொன்னால், எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி (ஆத்தூர், பள்ளி ஆசிரியை): பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லும்படி இந்தப் புரதம் என்ன செய்கிறது என்று விளக்குவீர்களா? கொழுப்புதான் ரத்தத்திலேயே ஓடுகிறதே, தனியாக ஒரு சுமைகூலி எதற்கு?

பதில்: 'சுமைகூலி' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லாரி மண்டி வாசல் வரைதான் வரும். உள்ளே குடோனுக்கு மூட்டை போக வேண்டுமானால் ஆள் தலையில் சுமக்க வேண்டும். ரத்தத்தில் கொழுப்பு அமிலத்துக்கு லாரி ஆல்புமின் என்ற ரத்தப் புரதம். செல்லின் வாசலில் இறக்கிவிடும் இடத்தில் சிடி-36 போன்ற புரதங்கள். உள்ளே சுமப்பது எஃப்ஏபிபி.

ஆள் எதற்கு என்றால், கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாது. செல்லின் உட்புறமோ பெரும்பாலும் தண்ணீர். சும்மா விட்டால் கொழுப்பு அமிலங்கள் ஒன்று கூடிச் சோப்பு போல நடந்துகொள்ளும், சவ்வுகளைக் கரைக்கும். சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் உப்புதானே.

இந்தப் புரதத்தின் உருவத்தைக் கரும்பலகையில் வரையலாம். 130 அமினோ அமிலங்கள் சுமார். பத்துப் பட்டைகளை அடுத்தடுத்து வளைத்து வைத்த ஒரு பீப்பாய். மேல்வாயில் இரண்டு சுருள்கள் மூடி போல. உள்ளே குழி. கொழுப்பு அமிலம் அந்தக் குழிக்குள், தண்ணீர் படாமல், பெரும்பாலும் 'ப' போல மடங்கி உட்காரும். ஒரு பீப்பாயில் ஒரு மூலக்கூறு. கல்லீரல் வகைக்கு மட்டும் குழி பெரியது, இரண்டு கொள்ளும்.

முதலில் 1972இல் எலியின் குடல், கல்லீரல், இதயத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். பிறகு உறுப்புக்கு ஒன்றாகக் கண்டுபிடித்து எண் கொடுத்தார்கள்: 1 கல்லீரல், 2 சிறுகுடல், 3 இதயமும் தசையும், 4 கொழுப்புச் செல், 5 தோல், 6 சிறுகுடலின் கடைப்பகுதி (இது சுமப்பது பித்த அமிலம்), 7 மூளை, 8 நரம்பின் உறை. உறுப்பின் பெயரை வைத்துக் கூப்பிட்டாலும் அந்த உறுப்போடு நிற்பதில்லை. தோல் வகை என்ற 5 மூளையிலும் உண்டு, வெள்ளணுவிலும் உண்டு.

லீ பஜார் உவமை ஓரிடத்தில் உடையும், அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். மூட்டை சுமப்பவர் முதலாளியிடம் போய் 'இன்று சரக்கு அதிகம், இன்னும் நாலு ஆள் போடுங்கள்' என்று சொல்வதில்லை. எஃப்ஏபிபி சொல்கிறது. கொழுப்பு அமிலத்தோடு செல்லின் கருவுக்குள் போய், பிபிஏஆர் என்ற ஏற்பிகளிடம் அதைக் கொடுக்கிறது. அந்த ஏற்பிகள் கொழுப்பை எரிக்கவும் சேர்க்கவும் வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடும். அந்த மரபணுப் பட்டியலில் எஃப்ஏபிபியின் மரபணுவும் ஒன்று.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): காப்பித் தோட்டத்தில் இருக்கிறோம். கீழே போக 20 கொண்டை ஊசி வளைவு. மழையில் பாறை சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். கர்ப்பப் பரிசோதனை கிட் மாதிரி 'மாரடைப்புக் கிட்' ஆன்லைனில் வருகிறதே, ஒன்றிரண்டு வாங்கி வீட்டில் வைக்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணம் சொல்ல அந்தக் கிட்டை ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடலாம்.

விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. ஒரு முனையில் சின்னக் குழி. அதில் விரலைக் குத்தி எடுத்த ரத்தம் 3, 4 சொட்டு. சில கிட்களில் இதற்கென்று குழாய் இருக்கும், சிலவற்றில் மேலே ஒரு சொட்டுக் கரைசலும் விட வேண்டும். ரத்தம் பட்டையின் தாளில் ஊறி நகரும். எச்-எஃப்ஏபிபி இருந்தால் தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்புரதம் அதைப் பிடித்துக்கொண்டு போய் 'டி' என்ற இடத்தில் சிவப்புக் கோடு போடும். 'சி' என்ற இடத்தில் எப்படியும் கோடு வர வேண்டும். வரவில்லையென்றால் பட்டை கெட்டது. சரியாக 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். அரை மணி கழித்துப் பார்த்தால் இல்லாத கோடும் மங்கலாகத் தெரியும்.

எங்கெல்லாம் தப்பும் என்று பாருங்கள். கைவிரல் குளிர்ந்திருந்தால் சொட்டு போதாது. பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். மங்கலான கோட்டை, பயந்து கிடப்பவரின் பிள்ளையால் படிக்க முடியாது. ஆனால் இவையெல்லாம் சின்ன விஷயம். வலி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் பார்த்தால், உண்மையான மாரடைப்பிலும் கோடு விழாமல் போகலாம். உங்கள் வீட்டில் யார் அந்தப் பட்டையை எடுத்தாலும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் எடுப்பார்கள். 'ஒண்ணுமில்லை, வாயுதான்' என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்க அந்த ஒரு கோடில்லாத பட்டை போதும். மலையில் இருப்பவருக்குக் கிட்டின் பெரிய ஆபத்து இதுதான்.

கோடு விழுந்தாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. நடுநெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல்; இது 10 நிமிடத்துக்கு மேல் நின்றாலே கிளம்ப வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் வாந்தியும் மட்டும் வரலாம்.

வரிசை இது. 108க்குப் பேசுங்கள், எந்த எஸ்டேட், எந்த கேட், ரோடு எதுவரை என்று சொல்லுங்கள். நோயாளி நடக்க வேண்டாம், களத்துமேட்டிலிருந்து ரோடு வரைக்கும் கூட நாற்காலியில் தூக்குங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, அண்மையில் ரத்தக் கசிவு, பக்கவாதம் இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம். 108இல் பேசுபவரிடம் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். வலி முதுகைக் கிழிப்பது போல இருந்தால் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம், அது பெருந்தமனி கிழிவாக இருக்கலாம். பைக்கில் பின்னால் உட்கார வைத்து வளைவுகளில் இறங்குவது கூடவே கூடாது. நடுவழியில் மயங்கினால் இரண்டு உயிர்.

நேரே சேலம் என்று கிளம்பாமல், முதலில் இசிஜி எடுக்கக்கூடிய அருகிலுள்ள இடம் எது என்று இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் 2023இல் வந்த பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப வழியிருக்கிறது. மொத்தம் 14 மாத்திரை: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோகிரெல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டேடின் 10 மி.கி. 8. வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று தாளில் எழுதி அனுப்புங்கள், இல்லையென்றால் அங்கே மறுபடி கொடுப்பார்கள்.

இசிஜி கோட்டில் 'எஸ்டி' என்ற பகுதி மேலே ஏறியிருந்தால் (ரத்தக் குழாய் முழுதாக அடைபட்டதன் அடையாளம்) எந்த ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருப்பதில்லை. ஆஞ்சியோ செய்து அடைப்பை நீக்கும் இடத்துக்கு 120 நிமிடத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்பதே அடுத்த கேள்வி. முடியாதென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டுப் பிறகு இறக்குவார்கள். ரோடு அடைபட்ட நாளில் இந்த ஊசிதான் உயிரைக் காப்பாற்றும். கிட் வாங்க வைத்திருந்த பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஆஸ்பிரின் அட்டை ஒன்று வாங்கி மாட்டி வையுங்கள். காலாவதித் தேதியை மேலே பெரிதாக எழுதுங்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): தறி ஓட்டுகிறேன், வயது 44, சர்க்கரை வந்து நான்கு வருடம். கொழுப்புச் செல்லில் இருக்கும் ஒரு புரதம்தான் சர்க்கரைக்கே காரணம், அதைத் தடுக்கும் மருந்து வந்துவிட்டது என்று வாட்ஸாப்பில் வந்தது. உண்மையா?

பதில்: முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதி பொய்.

அந்தப் புரதம் எஃப்ஏபிபி-4. கொழுப்புச் செல்லிலும், மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுவிலும் இருக்கிறது. 1996இல் இந்த மரபணுவை நீக்கிய எலிகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. அந்த எலிகளுக்குக் கொழுப்பு உணவு கொடுத்தார்கள். குண்டாகிவிட்டன. ஆனால் குண்டான மற்ற எலிகளுக்கு வந்த இன்சுலின் எதிர்ப்பு இவற்றுக்கு வரவில்லை. எஃப்ஏபிபி-5ஐயும் சேர்த்து நீக்கிய எலிகளில் கொழுப்புக் கல்லீரல், ரத்தக் குழாய்ப் படிவு எல்லாமே குறைந்தன. அதனால்தான் மருந்துத் துறைக்கு இதன்மேல் ஆசை.

பிறகு தெரிந்தது, எஃப்ஏபிபி-4 கொழுப்புச் செல்லுக்குள் மட்டும் இருப்பதில்லை; செல் சேதமாகாமலே ரத்தத்திலும் சுரக்கிறது. பருமன் உள்ளவர்களிடம் அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். ரத்தத்தில் வந்தது கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மனிதரில், இந்த மரபணுவின் முன்பகுதியில் ஒரு மாற்றத்தால் எஃப்ஏபிபி-4 குறைவாக உருவாகும் சிலருக்கு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் இதயநோய் வாய்ப்பும் குறைவு என்று 2006இல் வெளியானது.

மருந்து? பிஎம்எஸ்-309403 என்ற தடுப்பான் ஆய்வகத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை எதுவும் இந்தப் புரதத்தைத் தடுப்பதற்கென்று இல்லை. ஏன் இழுக்கிறது என்றால், இதயத்தின் எஃப்ஏபிபி-3ம் இதற்கு நெருங்கிய உறவு. 4ஐப் பூட்டும் சாவி 3ஐயும் பூட்டினால் இதயம் எரிபொருளுக்குத் தவிக்கும். 4ஐ மட்டும் அடைத்தால் 5 கூடி அந்த வேலையைப் பார்க்கத் தொடங்குகிறது.

இன்னொரு வேடிக்கை. பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை குடும்பம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது, ஆனால் ரத்தத்தில் எஃப்ஏபிபி-4ஐ ஏற்றுகிறது. அந்த மாத்திரை முடுக்கும் ஏற்பிதான் இந்த மரபணுவையும் முடுக்குகிறது. ஆக 'இந்த எண் இறங்கினால் சர்க்கரை இறங்கும்' என்ற கணக்கே நேராக நிற்பதில்லை. யாராவது இந்தப் பரிசோதனையைச் செய்து ஒரு பொடி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். தறியில் உட்கார்ந்தபடி எட்டு மணி நேரம் போகிறது, அதில் மணிக்கு ஒரு தடவை எழுந்து 3 நிமிடம் நடங்கள். இடுப்புச் சுற்றளவை 90 செ.மீ.க்குள் கொண்டுவருவதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி என்ற சராசரிச் சர்க்கரை அளவைப் பார்ப்பதையும் இப்போதைக்கு எந்த எஃப்ஏபிபி எண்ணும் மாற்றாது.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): ஒரு நிறுவனம் உமிழ்நீரில் மரபணுப் பரிசோதனை செய்து, எனக்கு 'எஃப்ஏபிபி-2 குறை' இருப்பதாகவும் வாழ்நாள் முழுக்கக் கொழுப்பே தொடக்கூடாது என்றும் தாள் கொடுத்தது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். அந்தத் தாளில் '54' என்ற எண் இருக்கும் பாருங்கள். சிறுகுடல் வகைப் புரதத்தின் 54ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் த்ரியோனின் என்ற இன்னொன்று வரும் மாற்றம் அது. 1995இல் அமெரிக்காவின் பிமா பழங்குடியினரிடம் கண்டு சொன்னது. த்ரியோனின் வந்த புரதம் நீண்ட கொழுப்பு அமிலத்தை ஏறத்தாழ இரண்டு மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. தென்னிந்தியர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்விலும் இது, இன்னொரு மரபணுவின் மாற்றத்தோடு சேரும்போது, வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்பு தெரிந்தது. ஆனால் உலகெங்கும் பரவலாகக் காணப்படும் மாற்றம் இது. 'குறை' என்று எழுதுவது வியாபாரம். வெறும் வயிற்றில் எடுத்த ட்ரைகிளிசரைடு 150க்குள், இடுப்பு அளவு சரி என்றால், அந்தத் தாளைப் பழைய பில்களோடு சேர்த்து வைத்துவிடலாம்.

கேள்வி (குகை): இந்தப் புரதம் அதிகமாகாமல் இருக்க எந்த எண்ணெய்? கடலையா, நல்லெண்ணெயா, தேங்காயா?

பதில்: எண்ணெயைச் சாப்பிட்டு இந்தப் புரதம் உடம்பில் சேர்வதில்லை, உடம்பே செய்துகொள்கிறது. எண்ணெயின் அளவைப் பாருங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்து, அதற்குள் இரண்டு மூன்று வகையை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தட்டுவடை செட் தின்னும் நாளைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

கேள்வி (மேட்டூர்): மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம். மீன் சாப்பிட்டால் பிள்ளையின் மூளைக்குக் கொழுப்பு போகும், அதற்கு ஒரு புரதம் இருக்கிறது என்கிறார்கள். அணை மீன் போதுமா?

பதில்: இருக்கிறது, எஃப்ஏபிபி-7. கருவின் மூளை உருவாகும் காலத்தில், நரம்புச் செல்கள் எங்கே போய் உட்கார வேண்டும் என்று சாரம் கட்டித் தரும் கிளியா செல்களில் இது நிறைய இருக்கும். இதற்கு மிகவும் பிடித்த சுமை டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம். சுமக்க ஆள் இருந்தால் போதாது, சரக்கும் வர வேண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு குறைந்தது 200 மி.கி. டிஎச்ஏ என்பது பொதுவான பரிந்துரை.

அணையின் கெண்டை, ஜிலேபி நல்ல புரதம். டிஎச்ஏ என்று பார்த்தால் கடல் மத்தி, அயிலைக்கு அவை ஈடாகாது. வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ குழம்பாக வைத்துக் கொடுங்கள். ஆழமாகப் பொரித்தால் இந்தக் கொழுப்பு எண்ணெயோடு போகும், கெடவும் செய்யும். சுறா, கொப்பரை மீன் வேண்டாம், பாதரசம் சேரும் பெரிய மீன்கள் அவை. மீன் 'ஈரல்' எண்ணெய் மாத்திரை கர்ப்பத்தில் கூடாது. அதில் உள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்கு ஆகாது. சைவம் என்றால் பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுக்கலாம். ஆளி விதையில் இருப்பது டிஎச்ஏ இல்லை, அதற்கு முந்தைய நிலை. உடம்பு அதில் மிகக் கொஞ்சத்தையே டிஎச்ஏ ஆக மாற்றும்.

கேள்வி (ஓமலூர்): சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடுவதை முன்கூட்டியே காட்டும் 'எல்-எஃப்ஏபிபி' சிறுநீர்ப் பரிசோதனை ஜப்பானில் உண்டாமே. இங்கே எடுக்க வேண்டுமா?

பதில்: ஜப்பானில் 2011 முதல் காப்பீட்டிலேயே வருகிறது. கல்லீரல் வகைப் புரதம்தான் இது. மனித சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களிலும் இருக்கிறது. அந்தச் செல்கள் ரத்தம் போதாமல் திணறும்போது, கிரியேட்டினின் அசைவதற்கு முன்பே, சிறுநீரில் இறங்குகிறது. (சாதாரண சுண்டெலியின் சிறுநீரகத்தில் இந்தப் புரதம் கிடையாது. மனித மரபணுவை எலிக்குள் வைத்துத்தான் இதை ஆராய வேண்டியிருந்தது.)

இங்கே அதைத் தேடி அலைய வேண்டாம். சிறுநீர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் சேலத்தில் எளிதாகக் கிடைக்கும். காலையில் முதல் சிறுநீர், நடுப்பகுதி. கிராமுக்கு 30 மி.கி.க்கு மேல் வந்தால் மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு தடவை எடுங்கள். மூன்றில் இரண்டு அதிகம் என்றால்தான் கணக்கு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் உழைப்பு இருந்தால் அந்த நாளில் எடுக்காதீர்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஞாயிறு காலை அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடியே ஏறினேன். மறுநாள் கம்பெனி ஹெல்த் செக்கப். தசைச் சேதத்தைக் காட்டும் சிகே 2,400, எச்-எஃப்ஏபிபி கொஞ்சம் அதிகம். இசிஜி, ட்ரோபோனின் சரி. இதயத்தில் ஏதாவது?

பதில்: எச்-எஃப்ஏபிபி, அதாவது எஃப்ஏபிபி-3, இதயத்துக்கு மட்டும் சொந்தமில்லை, கால் தசையிலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு பழைய உபாயம் உண்டு: அதே ரத்தத்தில் மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தையும் பார்த்து, மயோகுளோபினை எஃப்ஏபிபியால் வகுப்பது. இதயத் தசை சேதமானால் விடை 5ஐ ஒட்டி வரும். கால், கைத் தசை என்றால் 20 முதல் 70 வரை போகும், ஏனென்றால் அந்தத் தசைகளில் மயோகுளோபின் அதிகம், எஃப்ஏபிபி குறைவு. ட்ரோபோனினும் இசிஜியும் சரியாக இருக்கும்போது உங்களுக்கு அந்த வகுத்தல்கூடத் தேவையில்லை; அந்த மலை ஏறிய தொடைகள்தான். தசை ஊசி போட்ட மறுநாள், கீழே விழுந்த மறுநாள் எடுத்தாலும் இதே கதை.

ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு சிகே, கிரியேட்டினின் மட்டும் மறுபடி எடுங்கள். எஃப்ஏபிபி ஒரு நாளில் இறங்கிவிடும், சிகே இறங்க நாலைந்து நாளாவது ஆகும். அதுவரை தண்ணீர் குறையாமல் குடியுங்கள், வலி மாத்திரை வேண்டாம். இதற்கிடையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் வாரம் முடியும் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம்.